கணுக்காலால் கேட்பது

பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயத்தைப் பார்த்திருப்பீர்கள். கால் தரையில் படக் கூடாது. கடைசியாக எல்லைக்கோட்டைத் தொடுபவருக்குத்தான் பரிசு. தெருவில் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பறக்கும் பையன்கள் அந்தப் பந்தயத்தில் நாலடி போவதற்குள் காலை ஊன்றிவிடுவார்கள். ஊரில் முப்பது வருடமாகப் பால் ஊற்றும் பெரியவர், ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, எவர்சில்வர் குடத்தை வாங்கிக்கொண்டு போவார். வேகமாக ஓட்டத் தெரிந்தவருக்கு மெதுவாக ஓட்ட வராமல் போவது ஏன்?

இந்தக் கேள்வி பல வருடம் கழித்து, சைக்கிளே இல்லாத ஓரிடத்தில் என்னிடம் திரும்பி வந்தது. சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், காலை ஆறரை மணிக்கு இருபது பேர் தாய் சி என்ற சீனப் பயிற்சியைச் செய்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர்கள். வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்ப்பேன். தண்ணீருக்கடியில் நடப்பவர்களைப் போல அவ்வளவு மெதுவாக ஒரு காலைத் தூக்குவார்கள், வைப்பார்கள், உடம்பு திரும்பும், கை பின்னால் வரும். வயதானவர்களுக்கு ஏற்ற லேசான பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் போய் நின்றேன். முதல் அடியிலேயே, ஒற்றைக்காலில் உடம்பு நின்ற அந்த நான்கைந்து நொடியில், தொடை நடுங்கத் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டிக்கு எழுபத்தாறு வயது. அவர் கால் நடுங்கவில்லை.

சைக்கிளுக்கு விடை எளிது. வண்டி சாயும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினால், சக்கரம் சாயும் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கிறது. வேகமாகப் போகும்போது மயிரிழை திருப்பினாலே சக்கரம் அடியில் வந்துவிடும். மெதுவாகப் போகும்போது அதே வேலைக்கு அதிகம் திருப்ப வேண்டும், சாய்வதை முன்கூட்டியே உணரவும் வேண்டும். வேகம் நம்முடைய தவறுகளை மன்னிக்கிறது. மெதுவில் அந்த மன்னிப்பு கிடையாது.

நடையும் அப்படித்தான். உடம்பின் எடையெல்லாம் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியை எடை மையம் எனலாம். நிற்கும் மனிதருக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்கு உள்ளே இருக்கிறது. தரையைத் தொடும் பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் தாங்கு தளம். எடை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டால், அது தாங்கு தளத்துக்குள் விழும்வரை நாம் நிலையாக நிற்கிறோம். ஆனால் சாதாரணமாக நடக்கும்போது, ஒரு கால் காற்றில் இருக்கும் நேரத்தில் நூல்குண்டு ஊன்றிய பாதத்தின் மேல் விழுவதில்லை, உட்பக்கமாக விலகியே விழுகிறது. அதாவது நாம் விழுந்துகொண்டிருக்கிறோம். விழுந்து முடிப்பதற்குள், அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், மற்றக் கால் வந்து பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரு சிறு விழுகை, ஒரு சிறு மீட்பு. இத்தனை வருடம் நடந்தும் இது நமக்குத் தெரியாததற்குக் காரணம், விழ நேரம் கொடுக்காமல் நடந்துவிடுகிறோம்.

தாய் சி அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. எடை முழுவதும் ஒரு காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே மற்றக் காலைத் தூக்க வேண்டும். தூக்கிய கால் தரையைத் தொட்ட பிறகும், அதில் எடையை உடனே போடக் கூடாது. குதிகால் தொட்டு, பாதம் படிந்து, பிறகு குடத்திலிருந்து குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல எடை மெல்ல மாறும். சீனத்தில் எடை உள்ள காலை நிறைந்த கால் என்றும், மற்றதை வெறுங்கால் என்றும் சொல்கிறார்கள். எந்த நொடியில் நிறுத்தச் சொன்னாலும் அந்த நொடியில் விழாமல் நிற்க முடிய வேண்டும். பிறகு நானும் சேர்ந்துகொண்ட அந்தக் குழுவின் ஆசிரியர் நடுவில் திடீரென்று கையைத் தட்டி அப்படி நிறுத்துவதுண்டு. யார் வேகத்தை நம்பி நடக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

சரி, உடம்பு சாய்கிறது என்பது உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

மூன்று வழிகளில் தெரிகிறது. கண் ஒன்று. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு இன்னொன்று. மூன்றாவதை நாம் பள்ளியில் படித்த ஐம்புலன் பட்டியலில் சேர்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று யார் சொன்னது? பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் இந்த உணர்வுக்குத் தனிப்பெயர் கொடுத்தார். தமிழில் தன்னுடல் உணர்வு என்று சொல்லலாம். தசைகளுக்குள்ளே, நூல் நூற்கும் கதிரைப் போல நடு தடித்து முனை மெலிந்த நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. தசைக் கதிர்கள் என்று அழைப்போம். தசை நீளும்போது இவையும் நீண்டு, எவ்வளவு நீண்டோம், எவ்வளவு வேகத்தில் நீண்டோம் என்று நரம்பு வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். நிற்கும்போது இதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசையினுடையது. உடம்பு முன்னால் ஒரு துளி சாய்ந்தால் முதலில் நீள்வது அதுதான்.

இந்த உணர்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் கவனித்தார். தண்டுவடத்தின் உணர்வுப் பாதை கெட்ட நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை நின்றார்கள், மூடியதும் தள்ளாடி விழுந்தார்கள். நரம்பு மருத்துவர்கள் இன்றும் பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கிறார்களே, அது இவர் பெயரால் வழங்கும் சோதனை. அதைவிட உருக்கமானது இங்கிலாந்தின் இயன் வாட்டர்மனின் கதை. 1971இல், 19 வயதில், காய்ச்சல் போல வந்த ஒரு நோய்க்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் தன்னுடல் உணர்வும் அவருக்கு முற்றாகப் போய்விட்டன. தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. வலு இருந்தது, செய்தி வரவில்லை. அதனால் நிற்கக்கூட முடியவில்லை. பல மாத முயற்சியில், ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார்.

முதுமை இதே திசையில், ஆனால் நிதானமாக, நம் எல்லாரையும் நகர்த்துகிறது. பார்வை மங்குகிறது, உட்செவியின் உணர்வணுக்கள் குறைகின்றன, பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் வரும் செய்தி பலவீனமாகிறது. விழுவது சிறிய விஷயமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். குளியலறையில் வழுக்கியதிலிருந்து படுக்கையிலேயே ஆகிவிட்ட ஒரு பாட்டியோ தாத்தாவோ இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

இங்கேதான் தாய் சியின் இன்னொரு பாதி வருகிறது. கீழ்த்தளத்தில் அதிகம் கேட்கும் சொல் "சோங்". தளர விடு என்று பொருள். என் தோளை ஆன்ட்டி இரண்டு விரலால் தட்டி, "சோங், சோங்" என்பார். தொய்ந்து போவதை அவர் சொல்லவில்லை. நிற்பதற்குத் தேவையான தசை வேலை செய்யட்டும், தேவையில்லாதது ஓய்வெடுக்கட்டும் என்கிறார். நடுங்கும் காலோடு நிற்பவனிடம் தளர்த்தச் சொல்வது முதலில் எனக்குப் புரியவேயில்லை. விழாமல் இருக்க இறுக்கிப் பிடிக்கத்தானே வேண்டும்?

பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருப்பவருக்கு, அதில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டால் தெரியாது. உள்ளங்கையில் ஒரு பிடி அரிசி மட்டும் இருக்கும்போது இன்னொரு பிடி விழுந்தால் உடனே தெரியும். 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் நகரத்தில் எர்ன்ஸ்ட் வேபர் எடைகளைத் தூக்கச் சொல்லிச் சொல்லி அளந்து கண்டது இதுதான். நம்மால் உணர முடிகிற மிகச் சிறிய வேறுபாடு, ஏற்கெனவே இருக்கும் அளவைப் பொறுத்தது. இருப்பது பெரிதாக இருந்தால், கூடுவதும் பெரிதாக இருந்தால்தான் புலப்படும். சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் கேட்காது. இறுகிய தசையும் ஒரு சந்தைதான் என்று நான் எண்ணுகிறேன். வேபர் கையையும் எடையையும் அளந்தாரே தவிரக் கெண்டைக்காலை அளக்கவில்லை. ஆனால் கணுக்காலை அளந்தவர்களும் இருக்கிறார்கள்.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், பல வருடம் தாய் சி செய்த முதியவர்களையும், நீச்சலோ ஓட்டமோ வழக்கமாகச் செய்யும் முதியவர்களையும், எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கண்ணை மறைத்து உட்காரவைத்து, பாதத்தை ஒரு பலகையில் வைத்து, பலகையை மிக மிக மெதுவாகச் சாய்த்தார்கள். சாய்வதை உணர்ந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். தாய் சி செய்தவர்கள் மற்ற இரு குழுவினரையும்விடச் சிறிய சாய்விலேயே அழுத்திவிட்டார்கள். நீந்துபவர்களும் ஓடுபவர்களும் சோம்பேறிகள் இல்லை. இருந்தும் கணுக்கால் விஷயத்தில் மெதுவாக நடந்தவர்கள் முந்தினார்கள்.

இதை வைத்துத் தாய் சி கணுக்காலைக் கூர்மையாக்குகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. முதலிலேயே நல்ல கணுக்கால் உள்ளவர்கள் மட்டும் பல வருடம் தாய் சியில் நீடித்திருக்கலாம். கூடைப்பந்து விளையாடினால் உயரமாகிறோமா, உயரமானவர்கள் கூடைப்பந்துக்கு வருகிறார்களா என்ற பழைய சிக்கல்தான். இதை அவிழ்க்க ஒரே வழி, யார் எதைச் செய்வது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது. குலுக்கலில் நல்ல கணுக்காலும் மோசமான கணுக்காலும் எல்லாக் குழுவுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் உல்ஃப் குழுவினர் அப்படிச் செய்தார்கள். முடிவு 1996இல் வந்தது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேர், மூன்று குழுக்கள், 15 வாரம். ஒரு குழுவுக்குத் தாய் சி, அதுவும் 108 அசைவுகள் கொண்ட வரிசையைப் பத்தாகச் சுருக்கி. இன்னொரு குழுவுக்குக் கணினி வழிச் சமநிலைப் பயிற்சி. அசையும் மேடையில் நின்றுகொண்டு, தங்கள் எடை மையம் திரையில் புள்ளியாக நகர்வதைப் பார்த்துக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவது குழுவுக்கு வெறும் உரையாடல். தாய் சி குழுவில் மீண்டும் மீண்டும் விழும் ஆபத்து 47.5 சதவீதம் குறைந்தது. கணினிக் குழுவில் அப்படிக் குறையவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி. இதே பயிற்சிகளைச் செய்தவர்களை அளவீட்டு மேடையில் நிறுத்தி, எவ்வளவு ஆடுகிறார்கள் என்றும் பார்த்தார்கள். நாம் யாருமே சிலைபோல நிற்பதில்லை, சும்மா நிற்கும்போதும் நாணல்போல மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறோம். கணினிப் பயிற்சி பெற்றவர்களின் ஆட்டம் குறைந்திருந்தது. தாய் சி செய்தவர்களின் ஆட்டத்தில் மாற்றமே இல்லை. மேடை சொல்வதைக் கேட்டால் கணினிக் குழுதான் ஜெயித்தது. அன்றாட வாழ்வில் குறைவாக விழுந்தவர்களோ தாய் சிக்காரர்கள்.

ஆக, அசையாமல் நிற்பதும் விழாமல் இருப்பதும் ஒன்றில்லை. ஆடக்கூடாது என்று நிற்பவர், ஆட்டம் வந்ததும் பதறுகிறார். தாய் சி செய்பவர் தினமும் எல்லைவரை சாய்ந்து, அங்கிருந்து திரும்பி வந்து பழகியவர். அந்த ஆட்டம் அவருக்குத் தெரிந்த ஊர். அதே குழுவில் விழும் பயமும் குறைந்திருந்தது என்பது இதோடு ஒத்துப்போகிறது. பயம் இங்கே வெறும் மன விஷயமாக நிற்பதில்லை. பயந்தவர் விறைக்கிறார், அடியைக் குறுக்குகிறார், நடப்பதையே குறைக்கிறார். கால் மேலும் பலவீனமாகிறது.

பிறகு வந்த சோதனைகளும் ஏறக்குறைய இதே பக்கம் நிற்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபுஜோங் லீ குழுவினர் 256 பேரை வைத்து 2005இல் வெளியிட்ட சோதனையில், ஆறு மாதத்தில் தாய் சி குழுவில் 38 விழுகைகள், தசை நீட்டும் பயிற்சிக் குழுவில் 73. இதே குழு 2018இல் 670 பேரை வைத்துச் செய்ததில், தசை நீட்டும் பயிற்சியோடு ஒப்பிட விழுகைகள் 58 சதவீதம் குறைவு. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பு, விழுபவர்களின் எண்ணிக்கை 20 சதவீதம் குறைகிறது என்று அடக்கமாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்த அடக்கமான எண்ணையே நம்பச் சொல்வேன். மருந்துச் சோதனையில் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம், போலித் தாய் சி என்று ஒன்றைக் கொடுக்க முடியாது. செய்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். அந்த நம்பிக்கையும் கணக்கில் கலந்துதான் வரும்.

ச்சி என்ற உயிராற்றல் பற்றி நண்பர்கள் கேட்பதுண்டு. தாய் சி என்ற பெயரின் கடைசி எழுத்து அந்த ச்சி இல்லை, சீனத்தில் இரண்டும் வேறு சொற்கள். ச்சியைத் தொப்புளுக்குக் கீழே உள்ள தான்தியேனில் இறக்கு என்று ஆசிரியர் சொல்கிறார். எடை மையம் இருக்கும் இடமும் அதை ஒட்டியதுதான். அந்த வாசகம் என் கவனத்தைச் சரியான இடத்துக்கு இறக்குகிறது. எனக்கு அது போதும்.

தாய் சி முதலில் சண்டைக் கலை. 17ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்தின் சென் குடும்பக் கிராமத்தில் வளர்ந்தது. அங்கே கற்ற யாங் லுசான் (1799–1872) அதைப் பெய்ஜிங்கில் பரப்பினார். பூங்காக்களில் இன்று பரவலாகக் காணும் 24 அசைவு வரிசை 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்தது. 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் தாய் சி சேர்ந்தது. வடிவம் எவ்வளவு மாறினாலும் சண்டையின் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்குத் துயிஷோ என்று பெயர், தள்ளும் கைகள். வரிசை முடிந்ததும் இருவர் இருவராக எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டவைத்து வட்டமாகச் சுழற்றுவோம். கையை விலக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. வாய்ப்புக் கிடைத்தால் மற்றவரை நிலைகுலையச் செய்யலாம். இதில் வளரும் திறமையைச் சீனர்கள் திங் ஜின் என்கிறார்கள். திங் என்றால் கேட்பது.

தொடுகை எப்படிக் கேட்கும் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. என் அம்மா இருட்டில் நடக்கும்போது சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொள்வார். அந்த விரல் அவரைத் தாங்காது. பிறகு ஏன் வைக்கிறார்? ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994இல் இதை அளந்தார்கள். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்துக் கண்ணை மூடி நிற்பவர்கள், ஒரு கம்பியை விரல்நுனியால் தொடலாம். விசை நூறு கிராம் எடைக்கு மேல் போனால் மணி ஒலிக்கும். அந்த அளவு உடம்பைத் தாங்கப் போதாது. ஆனாலும் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது, கம்பியை அழுத்திப் பிடித்தபோது குறைந்த அளவுக்கே. விரல்நுனியில் தோல் இழுபடும் விதத்திலிருந்து, உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று மூளை படித்துக்கொள்கிறது. இதை மெல்தொடுகை என்று சொல்லலாம். சுவருக்குப் பதில் இன்னொரு மனிதர் இருந்தாலும் இது நடக்கிறது. அவரும் ஆடிக்கொண்டிருப்பவர்தான், இருந்தும் லேசாகத் தொட்டு நிற்கும்போது ஆட்டம் குறைகிறது என்று பிற்பாடு அளந்திருக்கிறார்கள்.

ஆன்ட்டியோடு துயிஷோ செய்யும்போது எனக்குப் பல மாதம் ஒரு திகைப்பு இருந்தது. நான் தள்ளலாம் என்று நினைத்த நொடியில் அவர் இடுப்பு திரும்பிவிடும். என் கை இன்னும் கிளம்பியே இருக்காது. மனத்தைப் படிக்கிறாரா? 1967இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பில் எனக்கு விடை கிடைத்தது. நிற்கும் ஒருவர் கையை உயர்த்தும்போது, கைத் தசைக்கு முன்பே கால் தசைகளும் உடல் தசைகளும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு முன்னால். கை நகர்ந்தால் உடம்பு சாயும் என்று மூளைக்குத் தெரியும், அதனால் முதலில் அடித்தளத்தைக் கட்டுகிறது. என் கை கிளம்புவதற்கு முன்பே என் கால் தசைகள் கிளம்பிவிட்டன. அந்த நடுக்கம் எலும்பு வழியே ஏறி மணிக்கட்டுக்கு வந்து ஆன்ட்டியின் தளர்ந்த கையில் விழுகிறது. அவர் கேட்பது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன். கை இறுகியிருந்தால் கேட்காது, சந்தை இரைச்சல்.

எங்களுக்குள் பொது மொழி அதிகம் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், எனக்குத் தெரிந்த மாண்டரின் அதைவிடக் கொஞ்சம். வாரத்தில் மூன்று காலை, கால் மணி நேரம், மணிக்கட்டை ஒட்டவைத்துச் சுழற்றுகிறோம். போன மாதம் ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது, நான் கண்ணை மூடியிருந்தேன். அவர் கையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் மணிக்கட்டின் அடியில் எங்கோ ஒரு கனம் இறங்கியது. என் இடுப்பு தானாகத் திரும்பியது. அவர் தள்ளிய கை என் மார்பைத் தொடாமல் பக்கத்தில் வெறுங்காற்றில் போயிற்று.

கண்ணைத் திறந்தேன். ஆன்ட்டி என் முழங்கையைத் தட்டினார். "திங் தாவ் லெ," என்றார். கேட்டுவிட்டது.